வெந்நீர்க் குளியலுக்கு ஒரு மலிவுச் சத்திரம்!

ஜப்பான் உழவர்களுக்குக் கிடைப்பது சேலம், நாமக்கல் மக்களுக்குக் கிடைக்காதா?

ஆடி 18 வந்துவிட்டால் நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பஸ் நிலையங்களில் கொல்லிமலைப் பஸ்ஸுக்குக் கூட்டம் மோதும். குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்து இடம் பிடிப்பார்கள். தூக்குப் போணி ஒரு கையில், துணி மூட்டை ஒரு கையில்.

அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிப் பேருக்குத் தலை சுற்றும். மேலே அறப்பளீசுவரர் கோவில். பக்கத்திலேயே ஆகாய கங்கை அருவிக்கு வழி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். சுமார் 300 அடி உயரத்தில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது. குளிக்கிறார்கள். மூச்சு வாங்க மறுபடியும் ஏறுகிறார்கள். புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவை எட்டிப் பார்க்கிறார்கள். உடனே கீழே இறங்கப் பஸ்ஸுக்கு ஓட்டம்!

ஏன் இந்த அவசரம்? ஒரு ராத்திரி தங்கினால் என்ன?

தங்கலாம். மலையில் விடுதிகள் இருக்கின்றன. ஆனால் விழா நாளில் ஒரு குடும்பம் அறை எடுத்தால், அந்த மாதத்து மளிகைக் கடனில் கைவைக்க வேண்டும். பாட்டி, பேரன், மருமகள் என்று 7 பேர் வந்த குடும்பத்துக்கு ஒரு அறை போதாது. இரண்டு அறைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அன்றே திரும்புகிறார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவருக்கு, போகாமல் இருந்த நாளை விட உடம்பு வலி அதிகம்!

இவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவர், வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறார். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்காருகிறவர், குனிந்த கழுத்தை நிமிர்த்துவதில்லை. நாமக்கல் லாரி டிரைவர் வீட்டை விட்டுப் போனால் திரும்ப வாரக் கணக்கு ஆகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர்கள் ஊர் ஊராகப் பூமியைத் துளைக்கிறார்கள். காது அடைத்துப் போகும் சத்தம். தூக்கம் வண்டியின் அடியில்.

இவர்களுக்கு ஓய்வு வேண்டாமா?

ஏழு நாள் ஒரு சுற்று

ஜப்பானில் இப்படிப்பட்ட உழைப்பாளிகளுக்காகவே ஒரு வழக்கம் உண்டு. அதற்கு "தோஜி" என்று பெயர். வெந்நீர் ஊற்று உள்ள ஊரில் போய்த் தங்கி, தினமும் குளித்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவதுதான் அது.

ஜப்பான் எரிமலை நாடு. ஆகவே பூமிக்கு அடியில் இருந்து சுடுநீர் பொங்குகிறது. தங்கும் விடுதிகளோடு கூடிய வெந்நீர் ஊற்று ஊர்கள் அங்கே சுமார் 3,000 இருக்கின்றன. யமனாஷி மாகாணத்தில் ஒரு விடுதி கி.பி. 705-ல் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பழைய ஓட்டல் என்று 2011-ல் கின்னஸ் அதை ஏற்றது. ஆனால் அது பணம் உள்ளவர்கள் போகிற இடம். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. பழைய, மலிவான விடுதிகளைப் பற்றி.

நாற்று நட்டு முடிந்ததும், அறுவடை முடிந்ததும் ஜப்பான் உழவர் குடும்பத்தோடு கிளம்புவார். அரிசி, ஊறுகாய், சோயா விழுது எல்லாம் மூட்டையில் வரும். ஏழு நாள் தங்குவது ஒரு சுற்று. மூன்று சுற்று தங்கினால் நல்லது என்பது பழைய கணக்கு. நம் ஊரில் ஒரு மண்டலம் என்று நாட்டு வைத்தியர் சொல்வது போல!

இவாத்தே மாகாணத்தில் ஒசாவா என்று ஓர் இடம். அங்கே உள்ள பழைய மர விடுதியில் சொந்தச் சமையல் பகுதி என்றே தனியாக வைத்திருக்கிறார்கள். அறைக்கு ஒரு வாடகை. படுக்கைக்குத் தனிக் காசு. குளிர்காய அடுப்புக்குத் தனிக் காசு. படுக்கையை வீட்டில் இருந்தே கொண்டு வந்தால் அந்தக் காசு மிச்சம். வேண்டியதற்கு மட்டும் கொடுத்தால் போதும். சமையல் அறை எல்லோருக்கும் பொது. இப்படிப்பட்ட விடுதிகள் பலவற்றில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் உண்டியல் இருக்கும். 10 யென் நாணயம் போட்டால் சிறிது நேரம் எரியும். பருப்பு வேகவில்லையா? இன்னொரு நாணயம்!

பெப்பு என்ற ஊரில் இன்னும் வேடிக்கை. அங்கே அடுப்பே வேண்டாம். பூமியில் இருந்து சீறி வரும் நீராவியின் மேல் கூடையை வைத்து மூடிவிடுகிறார்கள். கிழங்கு, முட்டை, மீன் எல்லாம் வெந்துவிடுகிறது. நம் தாய்மார்கள் பார்த்தால் முதல் வேலையாக இட்லி ஊற்றுவார்கள்.

மலிவு விடுதி என்றால் சவுகரியம் குறைவுதான். நடந்தால் பலகைத் தளம் கிறீச்சிடும். பக்கத்து அறைக்காரர் இருமினால் கேட்கும். கழிப்பறை வராந்தாக் கோடியில். கட்டில் கிடையாது. கோரைப்பாய் விரித்த தரை. அதன் மேல் ராத்திரி மெத்தை விரித்துக் காலையில் சுருட்டி வைக்க வேண்டும். பாயில் படுத்துப் பழகிய சேலம் மாவட்டத்துக்காரருக்கு இது புதிதா என்ன?

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் இறங்கும் முன், வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட வேண்டும். துண்டு கூடத் தொட்டித் தண்ணீரில் படக்கூடாது. தொட்டி அழுக்குப் போக்க அல்ல, அலுப்புப் போக்க! இந்த ஒரு கட்டுப்பாடு இருப்பதால்தான் நூறு பேர் குளித்த தொட்டியில் நூற்றோராவது ஆள் கூச்சம் இல்லாமல் இறங்குகிறார்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மக்கள் உடல்நலத்துக்கு ஏற்ற வெந்நீர் ஊற்று ஊர்களைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் திட்டத்தை 1954-ல் தொடங்கியது. முதல் பட்டியலில் சுகாயு என்ற மலை ஊர் இருந்தது. "ஆயிரம் பேர் குளியல்" என்று பெயர் பெற்ற மரக் குளியல் கூடம் அங்கேதான் இருக்கிறது. குளிக்க வருகிறவரிடம் நாளுக்கு 150 யென் வரி வாங்குவது அந்நாட்டில் பொது வழக்கம். அந்தக் காசு ஊற்றைப் பாதுகாக்கவும், சுகாதாரத்துக்கும், தீயணைப்பு வசதிக்கும், சுற்றுலாவுக்கும்தான் போக வேண்டும் என்று சட்டம்.

நம்மிடம் ஊற்று ஏது?

"ஜப்பானில் ஊற்று இருக்கிறது. நமக்கு எங்கே?" என்று கேட்கலாம்.

உண்மைதான். இலங்கையில் திரிகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் கதையோடு சேர்த்துத் தமிழர் அதைப் போற்றுகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஜப்பானில் 1948-ல் செய்த சட்டப்படி, பூமியில் இருந்து வரும் தண்ணீர் 25 டிகிரி சூடு இருந்தால் போதும். அது வெந்நீர் ஊற்று ஆகிவிடும்! அந்தக் கணக்கில் பார்த்தால் சேலத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவும் வெந்நீர் ஊற்றுகள்தான். நம் ஊர் வெயிலுக்குப் பூமியே அந்த அளவு சூடாகத்தான் இருக்கிறது. சட்டம் ஒப்புக்கொண்டாலும் 25 டிகிரி தண்ணீரில் குளித்தால் உடம்பு நடுங்கும். அதனால் ஜப்பானிலும் பல விடுதிக்காரர்கள் ஊற்று நீரைக் காய்ச்சித்தான் ஊற்றுகிறார்கள். காய்ச்சுவது குற்றம் இல்லை என்றால் நமக்கும் அண்டா இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மொட்டை மாடியில் வைக்கும் சூரிய வெந்நீர் சாதனமும் இருக்கிறது. வெயிலுக்கா பஞ்சம்?

குளியல் கலையிலும் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. சனிக்கிழமை ஆண்களுக்கு, செவ்வாய் வெள்ளி பெண்களுக்கு என்று நாள் வகுத்து நல்லெண்ணெய் தேய்த்தவர்கள். இந்தப் பக்கத்து அரப்புத் தூளின் குளிர்ச்சி எந்தக் கடைச் சோப்பில் இருக்கிறது? 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து, பிறகு தருமபுரிக்குப் போன ஒகேனக்கலில், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பாறையில் படுக்க வைத்து, தட்டி, உருட்டி, நெட்டி எடுத்து அனுப்புவார்கள். காவிரியில் முழுகி எழுந்தால் பசி வயிற்றைக் கிள்ளும்.

வெந்நீர் எல்லா நோய்க்கும் மருந்து என்று யாரும் நம்பிவிட வேண்டாம். தசை வலி தளரும். தூக்கம் வரும். அவ்வளவுதான். நெஞ்சு வலிக்காரரும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குளிப்பது நல்லது.

ஆக, தண்ணீர் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. குளிக்கத் தெரிந்த மக்கள் இருக்கிறார்கள். இல்லாதது, தங்கச் சத்திரம்.

சத்திரம் எங்கே போயிற்று?

1689 முதல் 1706 வரை திருச்சிராப்பள்ளியில் இருந்து ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதற்கும் சத்திரம் கட்டியதற்கும் பெயர் பெற்றவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் உள்ள சத்திரம் பலருக்குத் தெரியும். சேலம் நகரில் ஒரு பகுதிக்கே சத்திரம் என்றுதான் பெயர். வழிப்போக்கன் வந்தால் திண்ணை கொடு, தண்ணீர் கொடு, அடுப்பு மூட்ட விறகு கொடு என்பது அந்தக் காலத்துத் தர்மம்.

அதைப் பொற்காலம் என்று கொண்டாடவும் முடியாது. பல சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். சிலருக்குத் திண்ணை, சிலருக்குத் தெரு. சுதந்திரத்துக்குப் பிறகுதான் அதற்கு முடிவு கட்டச் சட்டம் வந்தது. கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்று 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் சொல்கிறது. தீண்டாமை பாராட்டிச் சத்திரத்தில் நுழைய விடாமல் தடுப்பது 1955-ம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் வந்தது. சத்திரம் போய்விட்டது! இன்று சத்திரம் என்றால் கல்யாணச் சத்திரம். வழிப்போக்கனுக்கு அங்கே என்ன வேலை?

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பூட்டிய மண்டபங்கள்

நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு, ஆத்தூர், சேலம். எந்த ஊரை எடுத்தாலும் கல்யாண மண்டபத்துக்குக் குறைவில்லை. ஒரு மண்டபத்தில் என்ன இருக்கிறது? பெரிய கூடம். மணமக்கள் வீட்டாருக்கு அறைகள். வரிசையாகக் கழிப்பறை, குளியலறை. கோட்டை அடுப்பு. வெந்நீர் அண்டா. பாய், தலையணை. நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடப் பந்தி மேஜை. இத்தனையும் இருப்பதைத்தானே சத்திரம் என்கிறோம்?

இந்த மண்டபங்களுக்கு ஆடி மாதத்தில் என்ன வேலை? ஒன்றும் இல்லை! ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியிலும் இல்லை. கதவில் பூட்டுத் தொங்கும். காவல்காரருக்குச் சம்பளம் மட்டும் ஓடும்.

ஆடியில்தான் மக்கள் ஊர் விட்டு ஊர் போகிறார்கள். கொல்லிமலை ஓரி விழா, மேட்டூரிலும் பவானி கூடுதுறையிலும் மோகனூர்க் காவிரிக் கரையிலும் பதினெட்டாம் பெருக்கு, சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை. எல்லாம் ஆடியில். மார்கழியில் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு அனுமன் ஜெயந்தி. ஒரே கல்லில் 18 அடி உயரம் நிற்கும் அந்தச் சாமியைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வந்தவர்கள் பஸ் நிலையத்துத் தரையில் துண்டை விரிக்கிறார்கள். சற்றுத் தூரத்தில் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது!

ஜப்பான் விடுதிக்காரர்கள் உழவருக்கு ஓய்வு கிடைக்கும் மாதத்தைப் பார்த்துக் கடை விரித்தார்கள். நம் மண்டபக்காரர்களுக்கோ, தங்கள் மண்டபம் ஓய்ந்திருக்கும் மாதத்தில்தான் ஊரே கிளம்புகிறது. இவ்வளவு பொருத்தம் கல்யாணத்தில் கூடப் பார்க்க முடியாது.

கூடத்தில் பாய்க்கு ஒரு காசு. வெந்நீர் வாளிக்கு ஒரு காசு. சமையல் அறைக்கு ஒரு காசு. அறை வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு அறை வாடகை. ஜப்பானைப் போலத் தொட்டி கட்ட வேண்டிய தேவை இல்லை. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள சீமை இது. அண்டாவும் வாளியும் மறைவான குளியலறையும் போதும். ஊரே ஒன்றாகக் குளிப்பதும் நம் வழக்கம் அல்ல. கழுவிவிட்டு இறங்கு என்கிற அவர்களுடைய கண்டிப்பை மட்டும் இங்கே கழிப்பறை வாசலில் கொண்டு வந்து வைக்க வேண்டும். மலிவு விடுதி என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டிய இடம் என்று ஆகிவிட்டது. அதை மாற்றாமல் எத்தனை மண்டபம் திறந்தாலும் இரண்டாவது வருஷம் ஒருவரும் வரமாட்டார்கள்.

கொல்லிமலை மேலே புதிது புதிதாகக் கட்டடம் எழுப்புவதை விட இது மேல். மலைவாழ் மக்களின் மிளகுத் தோட்டமும் பலாத் தோப்பும் அப்படியே இருக்கட்டும். சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ தங்கி, ஒரு நாள் மலைக்கு, ஒரு நாள் மோகனூருக்கு, ஒரு நாள் எங்கும் போகாமல் படுத்துக் கிடக்க என்று நாளைப் பிரித்துக்கொள்ளலாம்.

மண்டபக்காரர்கள் சொல்லும் தடைகள் இல்லாமல் இல்லை. "விளக்கை உடைப்பார்கள், குழாயைத் திருகிவிட்டுப் போவார்கள்." முன்பணம் வாங்கிக்கொண்டால் அதற்கு வழி பிறக்கும். "வரி?" என்பார்கள். நியாயமான கேள்வி. தினம் 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2022 ஜூலை வரை சரக்கு சேவை வரி கிடையாது. அந்த மாதத்தில் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது சரி. போட்டதுதான் சரியில்லை. பாயில் படுக்கிறவனிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஜப்பான்காரனைப் போல அந்தக் காசை அந்த ஊர்க் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் ஒதுக்கிவிட வேண்டும்.

இன்னொரு தடையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பல மண்டபங்கள் ஒவ்வொரு சமூகத்தார் சேர்ந்து கட்டியவை. கல்யாணத்துக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள். சத்திரமாகத் திறந்தால் வாசலில் நிற்பவரைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கக்கூடாது. 1955-ம் ஆண்டுச் சட்டத்தை வாசலில் எழுதி மாட்டத் துணிகிற மண்டபத்துக்கே நகராட்சி அனுமதி கொடுக்க வேண்டும்.

அரசாங்கம் நினைத்தால் நடக்காததும் அல்ல. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் அறநிலையத்துறை 2014-ல் யாத்ரி நிவாஸ் திறந்தது. அறைகளும் உண்டு, பலர் சேர்ந்து தங்கும் பெரிய கூடங்களும் உண்டு. குடும்பம் குடும்பமாகத் தங்குகிறார்கள். அதற்குப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியிருந்தது. இங்கே கட்டடம் தயார். சாவிதான் வேண்டும்.

அடுப்படியில் யார்?

சொந்தச் சமையல் என்றதும் தாய்மார்கள் முகம் சுளிக்கக்கூடும். வீட்டிலும் அடுப்பு, வந்த இடத்திலும் அடுப்பா? நான்கு நாள் ஓய்வு என்பது ஆண்களுக்கு மட்டும்தானா?

கேட்க வேண்டிய கேள்வி. ஜப்பானில் அந்தப் பொதுச் சமையல் அறையிலும் அரிசி களைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பக்கத்து அடுப்புக்காரியோடு பேச்சும், ஊறுகாய்ப் பரிமாற்றமும் வேலையைக் கொஞ்சம் லேசாக்கியிருக்கும். வேலை வேலைதான்.

நம் பெண்களின் குளியலை எண்ணிப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஆறிப் போன தண்ணீரில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்கிறவள் அவள். வேறொருத்தி வெந்நீர் வைத்து, முதுகு தேய்த்து, தலைக்கு ஊற்றிவிடும் குளியல் பல பெண்களுக்குப் பிள்ளை பெற்ற வீட்டில்தான் கிடைக்கிறது. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு வாழ்நாளில் இரண்டு முறை!

ஆகவே சத்திரம் திறக்கிறவர்கள் அட்டவணையை இப்படி எழுதி ஒட்டட்டும்: காலை 5 மணி முதல் 8 மணி வரை வெந்நீர் பெண்களுக்கு. அதே 5 மணி முதல் 8 மணி வரை சமையல் அறை ஆண்களுக்கு. காபி போடத் தெரியாதவர்களுக்கு மண்டபத்துக் காவல்காரர் சொல்லிக் கொடுப்பார்.